படத்தில் இருக்கிறோம், முடிவில் இல்லை: கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஒரு தமிழ் உறுப்பினரின் திறந்த மடல்

பிரித்தானியக் கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைமைக்கும், கட்சி வாரியத்துக்கும், தொகுதிச் சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

2024 ஜூலைத் தேர்தலில் நமது கட்சி 121 இடங்களோடு நின்றுபோனது. கட்சியின் வரலாற்றிலேயே இவ்வளவு மோசமான முடிவு வந்ததில்லை. அந்தத் தேர்தலில் நாம் புதிதாகப் பிடித்தது ஒரே ஒரு தொகுதி, லெஸ்டர் கிழக்கு. பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் வாங்கி நமது வேட்பாளர் வென்றதும் ஒரே ஒரு தொகுதியில்தான், ஹாரோ கிழக்கு. இரண்டுமே தெற்காசியக் குடும்பங்கள் பெருந்தொகையாக வாழும் இடங்கள். லெஸ்டர் கிழக்கில் தொழிற்கட்சியின் முன்னாள் உறுப்பினர்கள் இருவர் தனித்தனியே நின்று வாக்கைப் பிரித்தார்கள் என்பது உண்மைதான். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், நாடு முழுக்கக் கைவிட்ட நேரத்தில் கட்சியைக் கைவிடாத சனம் யார் என்பதில் சந்தேகம் இருக்க முடியாது.

அந்தச் சனத்துக்குக் கட்சியின் உள்ளே என்ன அதிகாரம் இருக்கிறது? இந்த மடல் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

பெருமைப்பட வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1895இலேயே பம்பாயில் பிறந்த மஞ்சர்ஜி பாவ்நக்ரியைப் பெத்னல் கிரீன் வடகிழக்கில் நிறுத்தி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய கட்சி இது. 2022 செப்டம்பரில் லிஸ் டிரஸ் அமைத்த அமைச்சரவையில் நிதி, வெளியுறவு, உள்துறை என்ற மூன்று பெரிய பொறுப்புகளிலும் சிறுபான்மைப் பின்னணியினரான குவாசி குவார்டெங், ஜேம்ஸ் கிளெவர்லி, சுவெல்லா பிரேவர்மன் இருந்தார்கள். அடுத்த மாதமே இந்தியப் பின்னணி கொண்ட ரிஷி சுனக் பிரதமரானார். 2024 நவம்பரில் முடிந்த கட்சித் தலைமைத் தேர்தலில் கறுப்பினத்தவரான கெமி படெனோக்குக்கு 53,806 வாக்குகள், ராபர்ட் ஜென்ரிக்குக்கு 41,388. அந்த வாக்குகளைப் போட்டவர்கள் சாதாரண உறுப்பினர்கள். அதுவரை தொழிற்கட்சி வெள்ளையரல்லாத ஒருவரைத் தலைவராக்கியதே இல்லை. இதையெல்லாம் நான் எங்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

ஆனால் எதைக் கேட்டாலும் இந்தப் பெயர் வரிசையே பதிலாக வந்தால், அந்தப் பெயர்கள் எப்படி அங்கே வந்து சேர்ந்தன என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. பாவ்நக்ரி 1906இல் தோற்றார். தெற்காசியப் பின்னணியோடு அடுத்து வந்த கன்சர்வேட்டிவ் உறுப்பினர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் கொழும்பில் பிறந்த நிர்ஜ் தேவா. பிரென்ட்ஃபோர்ட், ஐல்வர்த் தொகுதியில் 1992இல் வென்றார். நடுவில் 86 வருடங்கள். 1997இல் அவரும் தோற்க, அந்த நாடாளுமன்றத்திலும் 2001 நாடாளுமன்றத்திலும் நமது பக்கத்தில் சிறுபான்மையினர் ஒருவர்கூட இல்லை. 2005இல் இருவர். 2010இல் 11 பேர்.

ஐந்து வருடத்தில் இரண்டு 11 ஆனது எப்படி? டேவிட் கேமரன் தலைவரானதும் பெண்களையும் சிறுபான்மையினரையும் முன்னுக்குக் கொண்டுவர வேட்பாளர் முன்னுரிமைப் பட்டியல் ஒன்றைப் போட்டார். கட்சியின் உள்ளூர்க் கிளைகளான தொகுதிச் சங்கங்கள் பலவற்றில் முணுமுணுப்பு எழுந்தது, ஆனாலும் வேலை நடந்தது. பிராம்ஸ்குரோவில் சஜித் ஜாவித், விதமில் பிரீத்தி படேல், 2015இல் யார்க்‌ஷயர் ரிச்மண்டில் சுனக் என்று பெரும்பாலும் வெள்ளையர் வாழும் பாதுகாப்பான தொகுதிகளே அவர்களைச் சத்தமில்லாமல் வெல்ல வைத்தன. வாக்காளர் ஏற்கமாட்டார் என்று அதுவரை சொல்லப்பட்ட காரணம் அத்தோடு முடிந்தது. அதை நான் முழு மனதோடு பாராட்டுகிறேன். அதே நேரத்தில், அது தலைவர் ஒருவர் மனம் வைத்ததால் நடந்தது. கட்சியின் விதிகளில் எதுவும் ஊன்றப்படவில்லை. கொடுத்தவர் போனால் கொடுத்ததும் போகலாம் என்ற நிலையில் இருப்பதை நான் அதிகாரம் என்று சொல்லமாட்டேன்.

எங்கள் விஷயத்தையே எடுங்கள். 2013 நவம்பரில் பொதுநலவாய மாநாட்டுக்காக இலங்கை போன அப்போதைய பிரதமர் கேமரன் கொழும்போடு நிற்காமல் யாழ்ப்பாணம் போனார். 1948 சுதந்திரத்துக்குப் பிறகு வடக்குக்குப் போன முதல் வெளிநாட்டு அரசாங்கத் தலைவர் அவர். யாழ் நூலகத்துக்குப் போனார், உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். காணாமல் போன பிள்ளைகளின் படங்களை ஏந்திக்கொண்டு தாய்மார் வழியில் நின்றதை உலகத் தொலைக்காட்சிகள் காட்டின. இந்த நாட்டில் வாழும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அன்று கன்சர்வேட்டிவ் கட்சியை வேறு கண்ணோடு பார்த்தன. கடை வைத்தவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தவர்கள், அரசாங்கத்திடம் கை நீட்டுவதைக் கூச்சமாக நினைப்பவர்கள், இவர்களுக்குக் கட்சியின் கொள்கை ஏற்கெனவே பக்கத்தில்தான் இருந்தது. யாழ்ப்பாணப் பயணம் மிச்சத் தூரத்தைக் குறைத்தது.

மூன்று வருடம்கூட ஆகவில்லை. 2016இல் லண்டன் மேயர் தேர்தல். நமது வேட்பாளர் ஸாக் கோல்ட்ஸ்மித், எதிரே தொழிற்கட்சியின் சாதிக் கான். தமிழ் வீடுகளுக்கென்றே ஒரு கடிதம் வந்தது. தமிழ்ச் சமூகத்தின் உழைப்பைப் புகழ்ந்துவிட்டு, தமிழ் வீடுகளில் தங்க நகை இருப்பதால் திருடர்கள் குறி வைக்கிறார்கள் என்று அக்கறைப்பட்டது. சாதிக் கான் அமைச்சராக இருந்தபோது இலங்கை பற்றியோ தமிழர் பற்றியோ நாடாளுமன்றத்தில் பேசவில்லை என்றது. அவருடைய கட்சி வந்தால் உங்கள் குடும்பச் சொத்துக்கும் பரம்பரைப் பொருட்களுக்கும் வரி ஏறும் என்று பயம் காட்டியது. இந்தியப் பின்னணி வீடுகளுக்கும் இதே பாணியில், நகைக் கதையோடு, மோதியின் பெயரையும் சேர்த்து ஒன்று போனது. பெயரை வைத்து ஆளைப் பிரித்து அனுப்பியதாக அப்போதே புகார் எழுந்தது.

அந்தக் கடிதத்தை எழுதியவர் மனதில் இருந்த தமிழர் யார் என்று யோசித்துப் பாருங்கள். நகைப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு முஸ்லிம் மேயரைக் கண்டு பயப்படும் ஆள். போக்குவரத்துக் கட்டணம், வீட்டு வாடகை, பிள்ளைக்குப் பள்ளியில் இடம், கத்திக்குத்து என்று லண்டன்வாசி ஒவ்வொருவருக்கும் இருக்கும் கவலை தமிழனுக்கு இராது என்ற நினைப்பு அதில் இருந்தது. தமிழர் ஒருவர், அதைத் தடுக்கும் அதிகாரத்தோடு, அச்சுக்குப் போகும் முன் வாசித்திருந்தால் அது தபால் பெட்டிக்கு வந்திருக்குமா? கோயில் திருவிழாவுக்கு யாரை அழைத்துப் போவது, எந்த மண்டபத்தில் கூட்டம் போடுவது என்று கேட்க எங்களிடம் வருகிறார்கள். எங்கள் பெயரைச் சொல்லி எழுதும் கடிதத்துக்கு மட்டும் எங்களைக் கேட்பதில்லை. அந்தத் தேர்தலில் சாதிக் கான் கிட்டத்தட்ட 57க்கு 43 என்ற கணக்கில் வென்றார். அறத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறும் தேர்தல் கணக்காகப் பார்த்தாலும் அது நட்டம்தான்.

அப்புறம், வேட்பாளர் தேர்வு. உண்மையான அதிகாரம் குடியிருக்கும் இடம் அதுதான். பாதுகாப்பான தொகுதியில் சங்கம் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அவர் நாடாளுமன்றம் போவது ஏறக்குறைய உறுதி. அங்கே என்ன நடக்கலாம் என்பதை செல்ட்னம் தொகுதி காட்டியது. பர்மிங்ஹாமில் பிறந்தவர், பாரிஸ்டர், வார்விக்‌ஷயர் அணிக்காகக் கிரிக்கெட் ஆடிய ஜமைக்காக்காரரின் மகன் ஜான் டெய்லர். அவரை 1990இல் செல்ட்னம் வேட்பாளராக்கினார்கள். சங்கத்துக்குள்ளேயே கலகம். அவருடைய தோல் நிறத்தைச் சொல்லி ஓர் உறுப்பினர் திட்டிய வார்த்தை நாடு முழுக்கச் செய்தியானது. 1992இல் கட்சி தேசிய அளவில் வென்ற தேர்தலில் செல்ட்னம் லிபரல் டெமாக்ரட் கைக்குப் போனது. டெய்லர் பின்னாளில் பிரபுக்கள் சபைச் செலவுக் கணக்கு வழக்கில் தண்டனை பெற்றார், அது வேறு விஷயம். 1990இல் அவருக்கு எதிராக எழுந்த குரல் அவருடைய கணக்கைப் பற்றியது இல்லை.

இன்று அப்படி யாரும் வாய்விட்டுத் திட்டமாட்டார்கள் என்று நம்புகிறேன். ஆனால் பட்டியலில் பெயர் ஏறுவது, மதிப்பீட்டுத் தேர்வு, சங்கம் முதலில் கழிப்பது, நேர்காணல், இறுதி மூவர், கடைசிக் கூட்டத்தின் வாக்கெடுப்பு என்று இத்தனை படி இருக்கிறது. எந்தப் படியில் எங்கள் ஆட்கள் நின்றுபோகிறார்கள் என்று வெளியில் யாருக்கும் தெரியாது. உறுப்பினருக்கும் தெரியாது. விண்ணப்பித்தவருக்கு "வேறொருவர் கூடுதல் பொருத்தம்" என்று இரண்டு வரி வந்தால், அதை வைத்துக்கொண்டு அவர் என்ன திருத்திக்கொள்ள முடியும்?

சங்கங்கள் சுதந்திரமானவை, தலைமையகம் தலையிட முடியாது என்பது வழக்கமான பதில். சரி. 2024 ஜூனில் பேசில்டன், பில்லரிகே தொகுதிக்கு உள்ளூர்ச் சங்கத்தின் முன் வைக்கப்பட்ட பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அப்போதைய கட்சித் தலைவாளர் ரிச்சர்ட் ஹோல்டனின் பெயர். உள்ளூரில் கோபம் வெடித்தது, ஆனாலும் அவரே நின்றார், 20 வாக்கில் வென்றார். அவசரம் வந்தால், வேண்டியவர் என்றால், தலைமையகத்தால் எதையும் செய்ய முடியும் என்று அன்று எல்லோரும் பார்த்தோம். எனவே கைகள் கட்டப்பட்டிருக்கின்றன என்று இனி எங்களிடம் சொல்ல வேண்டாம்.

நான் ஒதுக்கீடு கேட்கவில்லை. தகுதிக்கு இடம் என்ற கொள்கையை நம்பித்தான் இந்தக் கட்சியில் சேர்ந்தேன், இன்றும் நம்புகிறேன். தகுதிதான் அளவுகோல் என்றால் அளந்ததைக் காட்டுவதில் என்ன தயக்கம்? ஒவ்வொரு படியிலும் எந்தப் பின்னணியிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் தாண்டினார்கள் என்ற எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம், எண்கள் போதும். எல்லாம் நியாயமாக நடக்கிறதென்றால் அந்த எண்களே எங்கள் வாயை அடைத்துவிடும்.

உறுப்பினர்கள் யார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கட்சி உறுப்பினர்களை ஆராய்ந்தபோது நமது உறுப்பினர்களில் 97 விழுக்காடு வெள்ளையர் என்று தெரிந்தது. தொழிற்கட்சியிலும் நிலைமை ஏறக்குறைய இதேதான், ஆகவே இது நமக்கு மட்டும் உள்ள குறையில்லை. 2021 குடிசன மதிப்பீட்டின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வெள்ளையர் 81.7 விழுக்காடு. இந்த இடைவெளியை மூடும் பொறுப்பில் பாதி எங்களுடையது. வாட்ஸ்அப் குழுவில் விடிய விடிய அரசியல் கதைக்கும் எங்கள் ஆட்கள் சந்தா கட்டி, சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய், செயலாளர் பதவிக்கும் பொருளாளர் பதவிக்கும் போட்டியிட வேண்டும். மற்றப் பாதி உங்களுடையது. வந்தவரைத் துண்டுப்பிரசுரம் போடவும் விருந்துக்கு ஆள் சேர்க்கவும் மட்டும் வைத்திருந்தால் அவர் எத்தனை நாள் இருப்பார்?

முறைப்பாடுகள் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முஸ்லிம் எதிர்ப்பு மனப்பான்மை பற்றி விசாரணை வேண்டும் என்று கட்சியின் முன்னாள் இணைத் தலைவாளர் சயீதா வார்சி ஆண்டுக்கணக்காகக் கேட்டார். பிரித்தானிய முஸ்லிம் பேரவை 2018இல் முறையாகக் கேட்டது. அசையவில்லை. கடைசியில் 2019 ஜூனில், தலைமைப் போட்டிக்கான பிபிசி விவாதத்தில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது, சஜித் ஜாவித் பக்கத்தில் இருந்த போட்டியாளர்களைப் பார்த்து விசாரணைக்கு ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். தலையாட்டுவதைத் தவிர அவர்களுக்கு வழியிருக்கவில்லை. அன்று ஜாவித் இந்த நாட்டின் உள்துறை அமைச்சர். அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தவருக்கே கட்சிக்குள் வழி கிடைக்காமல் தொலைக்காட்சியில் பகிரங்கமாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஒரு தொகுதிச் சங்கத்தின் சாதாரண உறுப்பினர் எங்கே போய்க் கேட்பார்?

அப்படி ஒப்புக்கொண்ட விசாரணையும் எல்லா வகைப் பாகுபாடும் என்று விரிந்து, பேராசிரியர் சுவரன் சிங் தலைமையில் நடந்து, 2021 மேயில் அறிக்கையாக வந்தது. 2015 முதல் 2020 வரை 727 சம்பவங்கள் குறித்து 1,418 முறைப்பாடுகள். சம்பவங்களில் மூன்றில் இரண்டு பங்கு முஸ்லிம்களுக்கு எதிரானவை என்று சொல்லப்பட்டவை. கட்சி அமைப்பாகவே பாகுபாடு காட்டியதற்குச் சான்று இல்லை என்றார் சிங். அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் முஸ்லிம் எதிர்ப்புணர்வு கட்சிக்குள் இன்னும் ஒரு பிரச்சினை என்றும், முறைப்பாடுகளைக் கையாளும் முறையில் குறைகள் உண்டு என்றும் அவரே எழுதினார். பொரிஸ் ஜான்சன் புர்கா அணியும் பெண்களைக் கேலி செய்து எழுதிய பத்தியையும், நான் மேலே சொன்ன 2016 மேயர் பிரசாரத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.

அறிக்கை வந்து ஒரு வருடம் ஆகும் முன் இன்னொன்று. 2020இல் அமைச்சர் பதவி போனபோது, தன் முஸ்லிம் அடையாளம் ஒரு சிக்கலாகப் பேசப்பட்டதாகக் கொறடா ஒருவர் தன்னிடம் சொன்னார் என்று 2022 ஜனவரியில் நுஸ்ரத் கானி பகிரங்கப்படுத்தினார். கொறடா முற்றாக மறுத்தார். விசாரணை 2023இல் எந்தப் பக்கமும் உறுதியாகச் சொல்ல முடியாமல் முடிந்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. பேச்சுக்குப் பதிவு இல்லாத, காரணத்துக்கு எழுத்து இல்லாத ஓர் அமைப்பில் உண்மை தெரியாமலே போகும் என்பதுதான் என் கவலை. முறைப்பாடுகளைக் கட்சிக்கு வெளியில் உள்ள ஒருவர் விசாரிக்கட்டும். காலக்கெடு இருக்கட்டும். முடிவின் காரணம் முறைப்பாடு செய்தவர் கைக்கு எழுத்தில் போகட்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. தொழிலதிபர் ஃபிராங்க் ஹெஸ்டர் 2023இல் மட்டும் கட்சிக்கு 1 கோடி பவுண்ட்ஸ் தந்தார். கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினரான டயான் அபட்டைப் பார்த்தால் கறுப்பினப் பெண்கள் எல்லோரையும் வெறுக்கத் தோன்றுகிறது, அவரைச் சுட வேண்டும் என்ற கருத்தில் 2019இல் ஹெஸ்டர் பேசியது 2024 மார்ச்சில் வெளியே வந்தது. முரட்டுத்தனமாகப் பேசியதற்கு வருந்துவதாகவும், அதற்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை என்றும் அவர் தரப்பில் சொன்னார்கள். இனவாதம் என்ற சொல்லைப் பிரதமர் அலுவலகம் முதலில் சொல்ல மறுத்தது. அமைச்சரவையிலிருந்து அதை முதலில் சொன்னவர் கெமி படெனோக். அதற்குப் பிறகுதான் பிரதமர் அலுவலகமும் ஒப்புக்கொண்டது. பணம் திரும்பிப் போகவில்லை.

இந்தியப் பின்னணிப் பிரதமர் இருந்தார், கறுப்பின அமைச்சர் துணிந்து பேசினார். இருந்தும் காசு அசையவில்லை. டயான் அபட் எதிர்க்கட்சிக்காரர், அவருடைய அரசியலோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்ட நமது கட்சியின் கறுப்பின உறுப்பினர்கள், வீடு வீடாகப் போய் நமக்காக வாக்குக் கேட்டவர்கள், அடுத்த நாள் எந்த முகத்தோடு கதவைத் தட்டியிருப்பார்கள்? ஒரு நன்கொடையாளர் என்ன பேசினால் பணம் திரும்பும் என்று முன்கூட்டியே எழுதிய விதி இருந்திருந்தால், அன்று யாருடைய துணிவையும் நம்பியிருக்க வேண்டிய தேவை வந்திராது. தலைமையை இன்று வகிப்பவரே அன்று அந்தச் சொல்லைச் சொன்னவர். அந்த விதியை எழுத அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

இன்னொன்றும் கேட்கிறேன். சமூகங்களின் பெயரில் கட்சியோடு சேர்ந்து இயங்கும் குழுக்களுக்கு இன்று இருக்கும் வேலை தீபாவளி வரவேற்பு, நிதி திரட்டும் விருந்து, தேர்தல் நேரத்தில் தொண்டர் சேர்ப்பு. அவற்றின் பொறுப்பாளர்களை அந்தச் சமூக உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும். மேலிடத்தின் பிரியத்துக்குரியவர் என்பதால் அமரும் ஒருவர் மேலிடத்திடம் "இது சரியில்லை" என்று சொல்லமாட்டார். அப்படித் தேர்வானவர்களில் சிலருக்காவது கட்சி வாரியத்தில் வாக்கு இருக்க வேண்டும். ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லி அச்சாகும் எந்தக் கடிதமும் அவர்கள் கையெழுத்தில்லாமல் தபாலுக்குப் போகக் கூடாது.

2024இல் ஸ்ட்ராட்ஃபோர்ட், போ தொகுதியில் உமா குமரன் என்ற தமிழ்ப் பெண் நாடாளுமன்றம் போனார், தொழிற்கட்சி வேட்பாளராக. எதிர்க்கட்சி என்று பாராமல் மகிழ்ந்தேன். அதோடு ஒரு கேள்வியும் எழுந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பிரதமரை அனுப்பிய கட்சி தன் பக்கத்திலிருந்து அப்படி ஒருவரை ஏன் முதலில் அனுப்பவில்லை? எங்கள் பிள்ளைகளில் மருத்துவர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், நகரசபையில் வேலை செய்து பழகியவர்கள் இருக்கிறார்கள். ஆளுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது.

வாரியத்தின் அடுத்த கூட்டத்தில் வேட்பாளர் தேர்வு எண்ணிக்கைகளை வெளியிடுவது பற்றி ஒரு தீர்மானத்தை எடுத்து வாக்குக்கு விடுங்கள். மற்றவற்றுக்குக் குழு அமைக்கலாம், நேரம் எடுக்கலாம். இதற்கு எந்தக் குழுவும் தேவையில்லை, விவரம் ஏற்கெனவே தலைமையகத்தின் கோப்புகளில் இருக்க வேண்டும். தீர்மானம் தோற்றாலும் யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதை உறுப்பினர்களுக்கு அறிவியுங்கள். வருகிற உள்ளூராட்சித் தேர்தலுக்கு வீடு வீடாகப் போக நான் தயாராகத்தான் இருக்கிறேன். கதவைத் திறக்கும் தமிழர் என்னிடம் கேட்கப்போகும் முதல் கேள்விக்குப் பதிலை உங்களிடமிருந்து எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கட்சியின் தமிழ் உறுப்பினர் ஒருவன்
லண்டன்